அதே தூரம், அதே வெளிச்சம்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் சென்ற மாதம் என்னை ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வுபெற்ற பிறகு அங்கே ஃபோட்டோ எடுக்கவென்று தனியாக ஆள் போடவில்லை. பயிற்சி டாக்டர்களே தங்கள் ஃபோனில் நோயாளிகளைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பழைய ஆளைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "மேடம், இன்னும் நன்றாக எடுக்க எந்த ஃபோன் வாங்கலாம்?" என்று கேட்டாள். கேள்வியில் தவறில்லை. எந்த லென்ஸ் வாங்கினால் நன்றாக வரும் என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. செம்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பதிலை யோசித்துக்கொண்டே வந்தேன். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் சுருக்கமாக முடிந்திருக்கும். தமிழில் எழுதினால் அப்போதைய ஆட்கள் எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.

தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வளர்ந்தேன். பி.எஸ்ஸி. முடித்து, மாலை வகுப்பில் ஃபோட்டோகிராஃபி டிப்ளமோ படித்து, ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படங்களும் கல்யாணப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. யாரையாவது சிரிக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் பெண் ஃபோட்டோகிராஃபர் தேவை என்று விளம்பரம் வந்தது. அங்கே இருந்த ஆண் ஃபோட்டோகிராஃபர் முன்னால் பெண் நோயாளிகள் துணி விலக்க மறுத்தார்கள் என்பதுதான் காரணம். விண்ணப்பித்தவர்களும் அதிகமில்லை.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "உடம்பு வெந்தவாளையும் உதடு பிளந்தவாளையும் படம் எடுக்கறதுக்கா இத்தனை படிச்சே?" என்றாள். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் நடிகைகளின் மூக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, முதல் நாள் நான் பார்த்ததைச் சொன்னதுதான் பிசகு. பொது ஆஸ்பத்திரியில் அது தீக்காயம், மெஷினில் மாட்டிய விரல், பிறவியில் பிளந்த உதடு, நாய் கடித்த காது. அதற்குப் பிறகு வேலையைப் பற்றி அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

பிரிவின் தலைவர் டாக்டர் பெண்ட்ஸே. என்னைவிடப் பத்து வயதுக்குள்தான் மூத்தவர். மராத்தியும் ஆங்கிலமும் கலந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு படம் அவருக்குப் பிடிக்காவிட்டால் அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அவ்வளவுதான். நிமிர்ந்திருக்கும் படங்கள் எத்தனை, கவிழ்ந்திருப்பவை எத்தனை என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

சேர்ந்த புதிதில், உதடு பிளந்த ஒரு குழந்தையை ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் எடுத்திருந்தேன். இரண்டும் என் பார்வையில் அழகான படங்கள். பின்னதில் குழந்தையின் கண்ணில் ஜன்னல் வெளிச்சம்கூட விழுந்திருந்தது. டாக்டர் இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து வெகுநேரம் பார்த்தார். "கீதா பாய், இவை இரண்டு வெவ்வேறு குழந்தைகள்" என்றார். மராத்தியில் பெண்களை மரியாதையாகப் பாய் என்பார்கள்.

"இல்லை டாக்டர், அதே குழந்தைதான்."

"எனக்குத் தெரியும். படத்துக்குத் தெரியவில்லையே."

இரண்டையும் கவிழ்த்து வைத்தார்.

முன்னதை மேலிருந்து எடுத்திருக்கிறேன், பின்னதை நேரே. முன்னதில் தலை சற்றுத் திரும்பியிருக்கிறது. ஒன்றில் வெளிச்சம் மஞ்சள், மற்றதில் நீலம். உதட்டில் தெரியும் மாற்றத்தில் எவ்வளவு கத்தியால் வந்தது, எவ்வளவு என்னால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அங்கே என்ன வேலை என்பது அன்றுதான் புரிந்தது. நோயாளி மாறலாம், நான் மாறக் கூடாது.

சொல்வதற்கு எளிது. முகத்தை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. நேரே ஒன்று, இரு பக்கமும் முக்கால் திருப்பத்தில் ஒவ்வொன்று, இரு பக்கமும் முழுப் பக்கவாட்டில் ஒவ்வொன்று. காதுத் துளையிலிருந்து கண்ணுக்குக் கீழே உள்ள எலும்புவரை ஒரு கோடு இருப்பதாக மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கோடு தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும். முக்கால் திருப்பத்தில் மூக்கு நுனி எதிர்க் கன்னத்தின் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். தாண்டவும் கூடாது, உள்ளே நிற்கவும் கூடாது. நகை, பொட்டு, நெற்றியில் விழும் முடி எதுவும் ஆகாது. அடுத்த முறை அந்த ஆள் வரும்போது, அது ஆறு மாதம் கழித்தோ இரண்டு வருஷம் கழித்தோ, எல்லாம் முன்போலவே அமைய வேண்டும்.

டாக்டர் பல் பிரிவிலிருந்து ஒரு பிளாஸ்டர் முகத்தை வாங்கிவந்து கொடுத்தார். ஒரு கிழவரின் முகம் அது. தினமும் காலையில் வெளிநோயாளிகள் வரத் தொடங்கும் முன் அதை ஸ்டூலில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். எடுத்ததும் ஸ்டாண்ட், லைட், கேமரா எல்லாவற்றையும் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட வேண்டும். மறுநாள் முதலிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்தி, அதே முகத்தை மறுபடி எடுக்க வேண்டும். அப்போது ஸ்லைடு ஃபிலிம். கழுவி வந்ததும் இரண்டு நாள் ஸ்லைடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சப் பெட்டியில் பார்ப்பேன். ஒரே முகம் தெரிந்தால் சரி. இரண்டு மூக்கு தெரிந்தால் அன்றைய வேலை பாழ். மாதக்கணக்கில் அந்தக் கிழவருக்கு இரண்டு மூக்குதான் இருந்தது.

தரையில் டேப் ஒட்டிக் குறி வைத்துக்கொண்டேன். மூக்குகள் ஒன்றாயின. டாக்டர் வந்து பார்த்தார், பாராட்டினார், பிறகு குனிந்து டேப்பைப் பிய்த்தார். "குறி இருந்தால் குறியைப் பார்ப்பீர்கள். முகத்தைப் பாருங்கள்" என்றார். அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் வார்டில் படுக்கையோடு கிடக்கும் நோயாளியைப் படம் எடுக்கப் போனபோது தரையில் டேப் எங்கே இருக்கும்? அங்கேதான் அவர் செய்தது எனக்கு உதவியது.

பிளாஸ்டர் மூச்சு விடாது. அதனால் அடுத்தது வார்டு ஆயா சுலோசனா மௌஷி. அந்த ஆஸ்பத்திரியில் ஆயாக்களை மௌஷி என்றுதான் கூப்பிடுவோம். டியூட்டி தொடங்கும்போதும் முடியும்போதும் வந்து உட்காருவார், நான் எடுப்பேன். காலையில் இருக்கும் முகம் மதியம் இருக்காது. வெகுநாள் தலையைத் திருத்திக்கொண்டே இருந்தேன். "மௌஷி, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் கீழே" என்று. மௌஷிக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பிறகு ஒருநாள் அவர் கால்கள் ஸ்டூலின் கம்பியில் கோணலாக இருப்பதைக் கவனித்தேன். காலைத் தரையில் நேராக வைக்கச் சொன்னதும் தோள் சரியாயிற்று, தோள் சரியானதும் தலை தானாக வந்து நின்றது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பாதங்களைத்தான்.

தோலின் நிறமும் ஒரு பாடம். கறுத்த தோலை, கேமராவின் மீட்டர் சொல்வதைக் கேட்டு எடுத்தால் சாம்பல் பூசியதுபோல் வரும். ஒட்டுப்போட்ட தோலுக்கும் சொந்தத் தோலுக்கும் உள்ள வித்தியாசம் அதில் மறைந்துவிடும். மீட்டரை நம்பாமல் எடுத்துப் பழக வேண்டியிருந்தது.

தழும்பு இவை எல்லாவற்றையும்விடக் கஷ்டம். தழும்புக்கு உயரம் உண்டு, அதன் நிழல்தான் அந்த உயரத்தைக் காட்டும். லைட்டைப் பக்கத்தில் கொண்டுபோனால் தழும்பு மலைபோல் எழும். கேமராவுக்கு அருகில் கொண்டுவந்தால் தரையோடு தரையாகப் படுத்துவிடும். என் முழங்கையில் சின்ன வயதில் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று உண்டு. வீட்டில் மேஜை விளக்கை வைத்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் கணவர் அணுசக்தி நகரில் வேலை பார்த்தார். ஸ்டாஃப் பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே, "கையையே பாத்துண்டு இரு. அங்க சாம்பார் அடிப்பிடிச்சு வாசல்வரைக்கும் வாசனை வரது" என்பார். கொஞ்ச காலத்தில் எந்தத் தழும்பையும் என்னால் வேண்டிய அளவுக்கு எழுப்பவும் படுக்கவைக்கவும் முடிந்தது. அதை எதற்கும் பயன்படுத்தாமல் இருப்பதுதான் வேலை.

ஒரு மத்தியானம் நானே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மௌஷியைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். ஏன் தோன்றியது என்று நினைவில்லை. கண்ணில் இரண்டு லைட்டும் அடித்தன. எதிரே இருந்தவரின் முகம் தெரியவில்லை. எப்போது அழுத்துவார் என்றும் தெரியவில்லை. பேச்சில்லாமல் காத்திருந்தபோது, ஏதோ தப்பு செய்து பிடிபட்டவளைப்போல் இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு தடவையும், "இப்போ எடுக்கப் போறேன், கண்ணில் வெளிச்சம் அடிக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். அதற்குப் பிறகு என் படங்களில் நோயாளிகளின் தோள் இறுக்கம் குறைந்தது. லென்ஸ் மாற்றியதால் வந்த மாற்றமல்ல அது.

இத்தனையும் கைக்கு வந்து, ஃபிலிம் போய் டிஜிட்டலும் வந்த பிறகுதான் இசக்கியம்மாள் வந்தாள்.

தாராவியில் இட்லி அவித்து விற்கும் குடும்பம். விடியுமுன் இவள் அவிப்பாள். கணவன் சுடலைமுத்து அலுமினியத் தூக்கில் எடுத்துப்போய் சயனிலும் மாட்டுங்காவிலும் விற்பான். ஒரு நாள் பம்ப் அடிக்கும்போது ஸ்டவ் வெடித்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். ஆறும்போது தோல் சுருங்கிக்கொண்டு மோவாயை நெஞ்சோடு ஒட்டவைத்துவிட்டது. கீழுதடு வெளியே இழுத்துக்கொண்டு ஈறு தெரிந்தது. வாயை மூட முடியாது. வடிவதைத் துடைக்கக் கையில் எப்போதும் ஒரு துண்டு. வலது கன்னம் முழுக்கத் தடித்த தழும்பு. யாரைப் பார்ப்பதானாலும் புருவத்தை ஏற்றிக் கீழிருந்துதான் பார்ப்பாள். வயது முப்பதைத் தொடவில்லை.

அறைக்குள் வந்து கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் மராத்திக்காரி என்று நினைத்திருக்க வேண்டும். கணவனிடம் தமிழில் சொன்னாள்: "பொணத்தத்தான் இப்படி நாலு பக்கமும் நிறுத்திப் புடிப்பாவ. நா மாட்டேன். வாங்க, போவோம்."

"இன்னிக்கு எடுக்க வேண்டாம்" என்றேன் நான். "சும்மா உக்காருங்கோ."

புருவம் ஏறியது. "தமிழா?"

"மாட்டுங்கா."

அது அவளுக்குப் போதுமான பதிலாக இருந்தது. உட்கார்ந்தாள். "எடுத்தா யாரெல்லாம் பாப்பாவ?"

"இங்க இருக்கிற டாக்டர்கள். வேற யாரும் இல்ல."

"வெளிய ஒட்ட மாட்டியளே?"

"மாட்டோம்."

அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வந்தாள்.

எனக்குப் பிரச்சினை அன்றுதான் வந்தது. காதிலிருந்து கண்ணுக்குப் போகும் கோடு தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும் என்பது விதி. இவளுக்கு அந்தக் கோடு கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்குகிறது. நேரே எடுத்தால் உச்சந்தலையும் நெற்றியும்தான் வருகின்றன. பின்னால் சாய்ந்து உட்காரவைத்தால் முகம் வரும். டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "அவளால் முடியாததைத்தானே படம் காட்ட வேண்டும்? அதை நீங்களே சரிசெய்து கொடுத்துவிட்டால் நான் எதை ஆபரேஷன் செய்வது?"

உடம்பை நேராக வைத்தேன். கேமராவை அதன் உயரத்திலேயே நிறுத்தினேன். நேர்ப் படத்தில் முடிதான் தெரிந்தது. பக்கவாட்டில், "முடிஞ்ச மட்டும் நிமிருங்கோ" என்று சொல்லி இன்னொன்று எடுத்தேன். அவள் உடம்பு நடுங்க முயன்றாள். முந்தைய படத்துக்கும் இதற்கும் ஒரு நூல் வித்தியாசம் இருந்தது.

முதல் ஆபரேஷனில் கழுத்துச் சுருக்கத்தை வெட்டிவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கழுத்துப் பட்டையோடு பல மாதம் இருந்தாள். பட்டையைக் கழற்றிய பிறகு படத்துக்காக அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாதத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். மேலே பார்த்தாள்.

"யக்கா, இங்கன ஃபேன் இருக்கா!" என்றாள்.

அத்தனை தடவை வந்தும் அவள் அந்த ஃபேனைப் பார்த்ததில்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாளோ தெரியாது.

இரண்டாவது ஆபரேஷனில் உதடு மேலே வந்தது. வாய் மூடியது. துண்டு போயிற்று. நான் படம் எடுத்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் உதட்டை மூடியபடியே இருந்தாள், மூட முடிகிறது என்பதற்காகவே. மூன்றாவது, கன்னத்துக்கு. தடித்த தழும்பைச் சீவி எடுத்துவிட்டுப் புதுத் தோல் ஒட்டினார்கள். அது ஆறி அடங்க நாளாயிற்று. வந்தவர்களெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். டாக்டர் பெண்ட்ஸேவுக்குத் திருப்தியில்லை. நாலாவதாக ஒன்று செய்யலாம் என்றார். நல்ல தோலுக்கு அடியில் சிறு பலூன் ஒன்றை வைத்து, வாராவாரம் அதில் உப்புநீர் ஏற்றித் தோலைப் பெருக்க வேண்டும். பிறகு பெருகிய தோலை இழுத்துத் தழும்பை மூட வேண்டும். மாதக்கணக்கில் முகம் வீங்கியிருக்கும், வாராவாரம் வர வேண்டும், அடுப்புப் பக்கம் போகக் கூடாது.

சுடலைமுத்து செய்ய வேண்டும் என்றான். இசக்கி பிடிகொடுக்கவில்லை.

மூன்றாவது ஆபரேஷனுக்குப் பிந்தைய படம் எடுக்க வேண்டிய நாள். இசக்கி துணி மாற்றத் திரைக்குப் பின்னால் போயிருந்தாள். சுடலைமுத்து கதவருகே வந்து தணிந்த குரலில் பேசினான்.

"மேடம், ஒரு ஒதவி. போட்டோ கொஞ்சம் நல்லாத் தெரியுற மாரி எடுங்க. அவ பயப்படுதா. மூணுலயும் நல்லா வந்திருக்குன்னு கண்ணால பாத்தாத்தான் நாலுக்கு ஒத்துக்கிடுவா. ஒங்களுக்குத் தெரியாததா?"

ஆசையில் கேட்கிறான் என்று தெரிந்தது. மனைவியின் முகத்தைப் பற்றி ஊரில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தான்.

இசக்கி வந்து உட்கார்ந்தாள். வலது பக்கத்து லைட் ஸ்டாண்டில் என் கை இருந்தது. ஒரு சாண் கேமரா பக்கமாக நகர்த்தினால் கன்னம் சமமாகிவிடும். எவ்வளவு நகர்த்தினால் எவ்வளவு சமமாகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் அது தெரியப்போவதில்லை. அவளுக்கும் அது சந்தோஷம். என் மனதில் அப்போது இருந்தது நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இரக்கம்தான் இருந்தது. நகர்த்தத்தான் நினைத்தேன். ஆனால் கை ஸ்டாண்டை அதன் வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, திருகை இறுக்கிவிட்டது. பல வருஷக் காலைகளில் பழகிய கை. மனம் ஒன்று நினைத்தாலும் அதற்கு வேறு இடம் தெரியவில்லை. "இப்போ எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்தேன்.

முடிந்ததும் இசக்கி எழுந்திருக்கவில்லை.

"யக்கா, எம் போட்டோவெல்லாம் நா பாக்கணும்."

நோயாளிக்குப் படத்தை நாங்கள் காட்டக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. பார்த்துவிட்டு நிலைகுலைந்து போனவர்கள் உண்டு. சொன்னேன்.

"எம் மூஞ்சிய எனக்குக் காட்டதுக்கு என்ன யக்கா ரூல்?"

"வீட்டுல கண்ணாடி இருக்கோல்லியோ?"

"இருக்கு. தெனமும் பாக்கேன். கண்ணாடியில இன்னைக்கு உள்ளதுதான தெரியும்? போன வருசம் எப்படி இருந்துச்சுன்னு கண்ணாடிக்குத் தெரியாதுல்லா. கேட்டா எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சும்மா காலிபீலியா சொல்லுதாவ. நீங்க ஒருத்திதான் ஒண்ணுமே சொல்ல மாட்டீய."

டாக்டரிடம் போனேன். அவள் சொன்னதை அப்படியே மராத்தியில் சொன்னேன். கண்ணாடி பற்றிய பேச்சைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார். "நானும் வருகிறேன். நீங்கள் பக்கத்தில் இருங்கள்" என்றார்.

கம்ப்யூட்டர் முன்னால் மூன்று நாற்காலி போட்டோம். சுடலைமுத்து பின்னால் நின்றான். டாக்டர் முதல் படத்தைத் திறந்தார். முடியும் நெற்றியும் மட்டும் உள்ள படம். இசக்கி அதைச் சலனமில்லாமல் பார்த்தாள். அடுத்தது, கழுத்து நிமிர்ந்தது. அவள் கை தானாகத் தன் தொண்டையைத் தொட்டது. அடுத்தது, உதடு. அடுத்து, கன்னத்து ஆபரேஷனுக்கு முந்தையதையும் பிந்தையதையும் அக்கம்பக்கமாக வைத்தார்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"இதுல எது முந்தி எடுத்தது?"

நான் கேள்வியை மராத்தியில் சொன்னேன். டாக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தவர், நிறுத்திக்கொண்டார். படத்துக்குக் கீழே இருந்த தேதியைக் குனிந்து படித்துவிட்டுத்தான், "இடது பக்கம் உள்ளது" என்றார். பிறகு அவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தடிப்பு போயிருந்தது, அதற்குப் பதில் நிறம் மாறி, ஓரம் மேடிட்ட ஒரு திட்டு வந்திருந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது முன்னேற்றமாகத்தான் இருந்தது. சேர்த்து வைத்தால், ஒன்று போய் ஒன்று வந்து கணக்கு சமமாகிவிட்டது.

இசக்கி என் பக்கம் திரும்பினாள். "யக்கா, நீங்க லைட்டு கிட்டு எதும் மாத்திட்டியளா?"

"இல்ல. ரெண்டுக்கும் ஒரே லைட்."

"ஒரே தூரமா?"

"ஒரே தூரம்."

அவள் தலையாட்டினாள். "அப்பம் போதும். டாக்டர்ட்ட சொல்லுங்க. நிமுந்து பாக்கேன், வாய மூடிச் சாப்புடுதேன். அதுக்கு அவுகளுக்குக் கையெடுத்துக் கும்புடுதேன். கன்னம் இவ்வளவுதான். பலூன வச்சிக்கிட்டு ஆறு மாசம் நா ஒக்காந்திருந்தா இட்லி யாரு அவிப்பா? இவ்வளவுக்குப் பெறவு இன்னொரு திட்டு வந்தா என்ன செய்ய?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். டாக்டர், பலூன் முறை வேறு, அதில் பலன் அதிகம் என்று பொறுமையாக விளக்கினார். அது உண்மைதான். மற்றவர்களுக்கு நன்றாக வந்திருக்கிறது. அவள் முழுவதையும் கேட்டாள். "சரிதான். ஆனா வேண்டாம்" என்றாள்.

டாக்டர் திரையில் இருந்த படங்களை மூடினார். "சரி" என்று தமிழிலேயே சொன்னார். அந்த ஒரு சொல் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு, மறுபடி ஆபரேஷன் என்று முடிவெடுக்கும் முன் நோயாளியோடு உட்கார்ந்து பழைய படங்களைப் பார்ப்பது அந்தப் பிரிவில் வழக்கமாயிற்று. சிலர் பார்த்துவிட்டுத் தைரியமாக ஒத்துக்கொண்டார்கள். சிலர் போதும் என்று போய்விட்டார்கள்.

வராந்தாவில் சுடலைமுத்து என்னைப் பிடித்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது.

"நீங்க கொஞ்சம் மனசு வச்சிருந்தா ஒத்துக்கிட்டிருப்பா மேடம். ஒரு போட்டோ. ஒங்களுக்கு என்ன கொறஞ்சிரும்?"

இன்றைக்கும் அவன் கேட்டது நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். இசக்கிதான் வந்து அவன் கையைப் பிடித்தாள். "அவுகள ஏன் ஏசுதீய? மூஞ்சி எனக்குல்லா இருக்கு" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

கம்ப்யூட்டர் முன்னால் போட்ட நாற்காலிகள் கொஞ்ச நாள் அப்படியே கிடந்தன. நான் காலையில் ஸ்டாண்டை நிறுத்தும்போது அவன் கேட்டது காதில் விழும். வேலை நிற்கவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்து ஒரு நாள், சீட்டு எதுவும் இல்லாமல் இசக்கி வந்தாள். மஞ்சள் பட்டுச் சேலை, நெற்றியில் பொட்டு, தலையில் பூ. தங்கைக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அதற்கு முன் அம்மாவுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும் என்றாள். விபத்துக்குப் பிறகு அம்மா அவளைப் பார்க்கவில்லை. திடீரென்று நேரில் பார்த்தால் தாங்க மாட்டாள், முதலில் படத்தைப் பார்க்கட்டும் என்று அவளுக்கு எண்ணம்.

"ஸ்டூடியோவுக்குப் போயிருக்கலாமே?"

"அங்க போனா அவன் என்னயப் பாப்பான். நீங்க பாத்துட்டீய."

அறைக்குள் அழைத்தேன். அவள் வரவில்லை. "அந்த லைட்டு வேண்டாம் யக்கா. இங்கனயே" என்று வராந்தா ஜன்னலோரம் போய் நின்றாள். நான் என் சொந்தக் கேமராவை எடுத்துவந்தேன். பழக்கத்தில் அவள் பாதங்களைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீய. நானே நிக்கேன்."

ஜன்னலைப் பார்த்தாள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். கால்களை மாற்றி வைத்தாள். மெல்ல இடது பக்கம் காட்டித் திரும்பினாள், கொஞ்சம் கொஞ்சமாக. ஓர் இடத்தில் வலது கன்னம் முழுவதும் மறைந்தது, கழுத்து சேலைக்குள் போயிற்று, மூக்கு நுனி கன்னத்தின் விளிம்பில் வந்து நின்றது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள். மோவாயை ஒரு துளி ஏற்றினாள். அவ்வளவு சரியான முக்கால் திருப்பத்தை யாரையும் நான் உட்காரவைத்து எடுத்ததில்லை. படத்தில் தீயே இல்லை. அழகான ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுதான் எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பிரிண்டை வாங்க வந்தாள். முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். நான் என்ன நினைக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இது நா இல்லன்னு எனக்குத் தெரியும் யக்கா" என்றாள். "நா எப்படி இருக்கேன்னு நீங்கதான் உள்ள வச்சிருக்கீயள்லா. அது அங்க இருக்கட்டும். அம்மைக்கு மொதல்ல இது போதும்."

படத்தை உறையில் போட்டுக்கொண்டு, இட்லிக்கு அரிசி நனைக்க வேண்டும் என்று வேகமாகப் படியிறங்கிப் போனாள்.